சொல் பிறந்த தெரு – 7: தி.மலையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி

பௌர்ணமி கிரிவலத்துக்கு முதல் நாள் நண்பர்களுக்குள் ஓடும் வாட்ஸ்அப் செய்திகளில் ‘திருவண்ணாமலை’ என்று முழுப்பெயர் வருவது அபூர்வம். ‘தி.மலை’ போதும். நாளிதழ்த் தலைப்பும் அப்படித்தான் போடுகிறது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்து யாரும் தமிழ் அழிந்துவிட்டதாகக் கவலைப்படுவதில்லை. அதே செய்தியில் பேரன் ‘எச்பிடி’, ‘பிஆர்பி’ என்று எழுதினால் மட்டும் தாத்தாவுக்கு நெஞ்சு அடைக்கிறது. முன்னது பிறந்தநாள் வாழ்த்து, பின்னது ‘இதோ வந்துவிடுகிறேன்’. தாத்தாவின் கவலையில் மொழிமீது உள்ள அன்பு தெரிகிறது. ஆனாலும் பேரன் பக்கம் நின்று இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

சுருக்கி எழுதுவது கைபேசி கொண்டுவந்த பழக்கம் அல்ல. ‘ஓ மை காட்’ என்பதைச் சுருக்கிய ‘ஓஎம்ஜி’, 1917-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜான் ஃபிஷர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதையும், வாய்விட்டுச் சிரிப்பதைக் குறிக்கும் ‘எல்ஓஎல்’லையும் 2011-ல் சேர்த்துக்கொண்டது. 2016-ல் நம் ‘ஐயோ’வுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

நம் வீட்டு வழக்கம் இதைவிடப் பழையது. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸ என்று கணக்குப்பிள்ளைகளும் பத்திரம் எழுதுகிறவர்களும் ஒரே இழுப்பில் எழுதினார்கள். 2003-ல் வந்த யூனிகோடு 4.0 பதிப்பு அவற்றைக் கணினிக்குள்ளும் கொண்டுவந்துவிட்டது. உங்கள் கைபேசியால் இன்று ௸ என்று காட்ட முடியும்.

பிறகு ஏன் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதப் பழகினார்கள்? இதில் அவர்களைக் குறை சொல்வதற்கு முன் பழைய குறுஞ்செய்தியின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். தமிழில் எழுதினால் 70 இடங்கள்தான். அந்த 70-லும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனிக் கட்டணம்: ‘லை’ என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு லகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்து இரண்டு. நாம் ஏழு எழுத்தாக எண்ணும் திருவண்ணாமலை அங்கே 12 இடத்தை அடைத்துக்கொள்ளும். செய்திக்குக் காசு எண்ணிக் கொடுத்த காலம் அது. அப்போது தொற்றிய தங்கிலீஷ் பழக்கம், கட்டணம் போன பிறகும் விரலை விட்டுப் போகவில்லை.

இலக்கணம் இந்தச் சுருக்கங்களை எப்படிப் பார்க்கும் என்று கேட்டால், நன்னூல் நமக்குத் துணை வருகிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுதிய பவணந்தி முனிவர், சிதைந்து வழங்கும் பெயர்களுக்கு மரூஉ என்று இடம் ஒதுக்கினார். தஞ்சாவூர் தஞ்சையானதும் கோயம்புத்தூர் கோவையானதும் அந்தக் கணக்கில் வரும். கூடவே, ஒரு கூட்டத்தார் பிறர் அறியாதபடி தமக்குள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்றார். அதற்குக் காட்டப்படும் உதாரணங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்கும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்களாம். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்களாம். வேடர்களுக்குக் கள் ‘சொல்விளம்பி’. உள்ளே போனதும் மனத்தில் உள்ளதைச் சொல்ல வைத்துவிடும் பொருளுக்கு இதைவிட நல்ல பெயர் எந்தக் கல்லூரி விடுதியிலும் பிறந்ததில்லை. குழூஉக்குறியை இலக்கணம் இழிவழக்கு என்று ஒதுக்கவில்லை. தகுதி வழக்கு என்று பெயர் சூட்டியிருக்கிறது.

ஐ.டி. ஊழியர்கள் ‘இன்னைக்கு ஆணி அதிகம்’ என்றால் வேலை அதிகம் என்று பொருள். ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த நேசமணியின் கொடை அது. படம் வந்தது 2001-ல். 2019 மே மாதம் அந்த நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொன்ன ஹேஷ்டேக், ஊர் தாண்டி உலகமே என்னவென்று விசாரிக்கும் அளவுக்குப் பரவியது. ‘ஆணி’யும் ‘பறி’யும் ஒரே இனம்.

திருவண்ணாமலைக்கு வருவோம். அந்த ஊர்க் கோயிலோடு பிரிக்க முடியாத பெயர் அருணகிரிநாதர். அவருடைய சுவாமிமலைத் திருப்புகழ் ஒன்றில் இந்திரனும் திருமாலும் பிரமனும் முருகனுக்கு ‘சலாம்’ போடுகிறார்கள். 15-ஆம் நூற்றாண்டில் தெருவில் புழங்கிய அரபுச் சொல்லைத் தயங்காமல் சந்நிதிக்குள் அழைத்துப்போனவர் அவர். சந்தம் கேட்டது, சொல் கிடைத்தது, எடுத்துக்கொண்டார். அதனால் அந்தப் பாட்டின் பக்தி ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ‘அரோகரா’ ஒலிக்கிறது. அதே சொல் கடைத்தெருவில் ‘போட்ட காசு அரோகரா’ என்று கைவிட்டுப்போனதைக் குறிக்கிறது. மேலதிகாரி திட்டினால் ‘செம அர்ச்சனை’. அடி விழுந்தால் ‘பூசை’. ஏமாற்றினால் ‘நாமம் போட்டுட்டான்’. கோயிலைச் சுற்றி வாழ்ந்த சனங்கள் தங்கள் துக்கத்தையும் இழப்பையும் சொல்லக் கோயிலுக்குள்ளிருந்தே சொல் எடுத்தார்கள். சாமியிடம் அவ்வளவு உரிமை இருந்தது. இவற்றுக்கு முன்னால் ‘பூமர்’, கூச்சப்பட வைப்பதைச் சொல்லும் ‘கிரிஞ்ச்’ எல்லாம் எனக்குக் கொஞ்சம் வெளிறித் தெரிகின்றன. இரவல் வந்த சொற்கள், இன்னும் நம் மண்ணில் வேர் பிடிக்கவில்லை. ‘பூமர் அங்கிள்’ மட்டும், பழைய காலத்திலேயே நின்றுவிட்ட பெரியவர் என்ற பொருளில், உறவுமுறையோடு ஒட்டிக்கொண்டு தமிழாகப் பார்க்கிறது.

கைபேசித் தமிழில் எனக்கு மிகப் பிடித்தது ‘ம்’. ‘ஓகே’யைச் சுருக்கி ‘கே’ என்று ஒற்றை எழுத்தில் பதில் போட்டால் கோபம் என்று இளைஞர்கள் புரிந்துகொள்கிறார்கள். ‘ம்’ அப்படியில்லை. அது பாட்டி சொன்ன கதைக்கு நாம் கொட்டிய உம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்று அர்த்தம்.

எல்லாக் கொச்சையையும் நான் கொண்டாடவில்லை. சாதியைக் குத்தவும் பெண்ணின் உடலைப் பழிக்கவும் பிறந்த சொற்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. அவை வேடிக்கை என்ற பெயரில் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்பட வேண்டியவை.

மற்றவற்றை எழுதிவைக்க வேண்டும். கரிசல் காட்டுச் சொற்களுக்குக் கி.ராஜநாராயணன் அகராதி கண்டார். நடுநாட்டுச் சொற்களுக்குக் கண்மணி குணசேகரன் கண்டார். கைபேசிச் சொற்களின் ஆயுள் அவற்றைவிடக் குறைவு. முந்தைய தலைமுறை வெட்டி அரட்டைக்குச் சொன்ன ‘கடலை’, அறுவைக்குச் சொன்ன ‘பிளேடு’ என்றால் என்னவென்று இன்றைய பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை புதிதாக ஒரு சொல் சொன்னால் பொருள் கேளுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லவே கூடாது என்பதையும் சேர்த்து ஓர் அஞ்சலட்டையில் எழுதி இந்தத் தொடருக்கு அனுப்புங்கள்.