உங்களுக்குத் தெரியுமா? பல்லிடுக்கும் இரத்தச் சர்க்கரையும்

ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெறும் நீரிழிவு நோயாளிகளுக்கு, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் ஓரளவு குறைவதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன.

• ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவது, பிரஷ் எட்டாத பல்லிடுக்கில் நுண்ணுயிரிகள் ஒட்டி வளரும் மெல்லிய பற்படலத்தில்தான். அகற்றாவிட்டால் அது உமிழ்நீரின் தாதுக்களால் இறுகிக் காரையாகிவிடும், பின்னர் பல்லிடுக்கைத் தூய்மை செய்யும் எந்த நூலாலும் அதைப் பெயர்க்க இயலாது.

• ஃபிளாஸ் எனப்படும் பல்லிடுக்கு நூலை வெடுக்கென இழுக்காமல், பல்லைத் தழுவுமாறு வளைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்று உள்வரை மெல்ல மேலும் கீழுமாக நகர்த்த வேண்டும். தொடக்க நாட்களில் சிறிது இரத்தம் கசிவது பெரும்பாலும் ஈறு அழற்சியின் அடையாளமே. அதற்கு அஞ்சிப் பலர் நிறுத்திவிடுவது வருந்தத்தக்கது.

• 1819இல் அமெரிக்கப் பல் மருத்துவர் லெவி ஸ்பியர் பார்ம்லி பல்லிடுக்கைத் தூய்மை செய்யத் தம் புத்தகத்தில் பரிந்துரைத்தது, மெழுகு பூசிய பட்டு இழையை.