சாவியை எடுத்தாலும் ஓடும் எஞ்சின்

1990களில் ஜப்பானில் கார் பிரியர்கள் பலருடைய வண்டியில் ஒரு வேடிக்கை நடக்கும். ஓட்டுபவர் வண்டியை நிறுத்துவார், சாவியை உருவுவார், கதவைப் பூட்டிவிட்டு நடையைக் கட்டுவார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்! ஒன்றிரண்டு நிமிடத்தில் அதுவாகவே அடங்கும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எல்லாம் டேஷ்போர்டில் பொருத்திய ஒரு சின்னப் பெட்டியின் வேலை. அதன் பெயர் டர்போ டைமர்.

அது எதற்கு? முதலில் டர்போவைத் தெரிந்துகொள்வோம். எஞ்சின் வெளியே தள்ளும் புகையில் வேகமும் சூடும் நிறைய மிச்சமிருக்கும். அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று யோசித்த சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி, 1905ஆம் ஆண்டிலேயே ஒரு காப்புரிமை வாங்கினார். புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்துவிடும்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழலும். பெட்ரோல் காரை விரட்டி ஓட்டினால், சக்கரத்தில் மோதும் புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸை எட்டும். இந்த வேகத்தில் இரும்போடு இரும்பு உரசினால் தாங்குமா? அதனால் தண்டு, பேரிங்குக்குள் மிக மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுழல்கிறது. ஆயில் தண்டைத் தாங்குவதோடு சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும்.

இப்படிப் பறந்து வந்த காரைச் சட்டென்று அணைத்தால்? எஞ்சினோடு ஆயில் பம்பும் நின்றுவிடும். இனி எல்லாம் ஆற வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் வியப்பு! புகைச் சக்கரத்தைச் சூழ்ந்த கனமான இரும்புக் கூட்டில் தேங்கிய சூடு, மெல்ல நடுவிலுள்ள பேரிங்குக்குப் பரவும். அதை அள்ளிப் போக ஆயில் ஓட்டம் இல்லை. ஓடும்போது இருந்ததைவிட, நின்ற சில நிமிடங்களில்தான் பேரிங் கூடுதலாகச் சூடேறும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் மிச்ச எண்ணெய் கருகிப் பிடித்துக்கொள்ளுமே, அதுபோல உள்ளே தேங்கிய ஆயில் கரியாகும். கரி படியப் படிய ஆயில் வரும் வழி அடைபடும், தண்டு தேயும்.

இதைத் தடுக்கத்தான் டர்போ டைமர். அதைச் சாவி சுவிட்சின் ஒயர்களோடு இணைப்பார்கள். சாவியை எடுத்த பிறகும் அது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை எஞ்சினுக்கு விடாமல் கொடுக்கும். எஞ்சின் ஐடிலில் மெதுவாக ஓடும், புகையின் சூடு இறங்கும், ஆயிலும் ஓடிக்கொண்டிருக்கும். சரி, திருடன் வந்தால்? இன்னொரு ஒயர் ஹேண்ட் பிரேக்குக்குப் போகிறது. பிரேக்கை விடுவித்தால் எஞ்சின் அணைந்துவிடும்! கியர் போடும் கார் என்றால் நியூட்ரலில்தான் விட்டுப் போக முடியும். மேட்டில் நிறுத்துபவர்களுக்கு இது தொல்லை. மூடிய கேரேஜில் டைமரை இயக்கவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, நிறமும் மணமும் இல்லாத நஞ்சு.

என்னைக் கேட்டால், வீடு வந்து சேரும் கடைசி சில நிமிடங்களை நிதானமாக ஓட்டினாலே போதும், டைமரே வேண்டாம். வேகப் பிரியர்களிடம் இதைச் சொல்லித்தான் பாருங்களேன்!

பொறியாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். பேரிங் இருக்கும் பகுதியைச் சுற்றித் தண்ணீர் ஓட வழி செய்தார்கள். எஞ்சின் நின்றாலும், சூடான நீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்த நீர் அந்த இடத்துக்கு வரும். இதற்குப் பம்பே தேவையில்லை. இப்போது பல கார்களில் எஞ்சினை அணைத்த பிறகும் சற்று நேரம் ஓடும் மின்சாரப் பம்பும் உண்டு. அதனால் புதுக் கார் வாங்குபவர்கள் டைமரைத் தேடிப் போவதில்லை.