உடுப்பும் ஊரும் – 9: சிட்லிங்கியின் ஊசி

சென்ற வாரம் சென்னை கண்ணகி நகர்ச் சுவரோவியங்களின் முன் நின்ற இந்தத் தொடர், இந்த வாரம் தருமபுரி மாவட்டத்தின் கிழக்குக் கோடிக்குப் போகிறது. அரூரிலிருந்து கோட்டப்பட்டி தாண்டிப் போனால் ஒரு பக்கம் சித்தேரி மலை, மறுபக்கம் கல்வராயன் மலை. இரண்டுக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் இடம். அவர்களோடு சிட்லிங்கி தண்டா, ஏ.கே. தண்டா என்ற இரு குடியிருப்புகளில் லம்பாடிகள் இருக்கிறார்கள். ஸ்ட்ரீட்வேர் பற்றிப் பேசும் தொடருக்கு இந்த மலையடிவாரத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், நிறையவே இருக்கிறது.

ஸ்ட்ரீட்வேர் பிறந்த கதையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஷான் ஸ்டுஸி, பலகையில் போட்ட தன் கையெழுத்தை டீ-சர்ட்டிலும் அச்சடித்து விற்றார். 1993-இல் டோக்கியோவின் ஹராஜுகுவில் நிகோ 'எ பேத்திங் ஏப்' தொடங்கினார். 1994-இல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் ஸ்கேட்போர்டு பையன்களுக்காக 'சுப்ரீம்' கடை திறந்தது. மூன்றுக்கும் பொதுவானது இதுதான்: ஒரு சின்னக் கூட்டம், அந்தக் கூட்டத்துக்கென்று ஓர் அடையாளம், குறைந்த எண்ணிக்கையில் துணி. பெரிய நிறுவனங்களும் கோடிகளும் பிறகு வந்தவை.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2020 செப்டம்பரில் 'இந்தி தெரியாது போடா' என்ற வாசகத்தோடு நடிகர் சிரிஷ் அணிந்த டீ-சர்ட் சில நாட்களில் சமூக ஊடகம் முழுக்கப் பரவியது. திருப்பூர் அச்சுக்கூடங்களுக்கு ஆர்டர் குவிந்தது. ஒரு கூட்டத்தின் குரல் மார்பில் ஏறிய தருணம் அது. இலக்கணப்படி பார்த்தால் சுத்தமான ஸ்ட்ரீட்வேர்.

திருப்பூர் என்ற பெயர் சிட்லிங்கிக்கு நன்றாகத் தெரியும். மழை பொய்த்த ஆண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து குடும்பங்கள் மூட்டை கட்டிப் போன ஊர்களில் அதுவும் ஒன்று. உலகத்தின் டீ-சர்ட்டுகளைத் தைக்க அங்கே கைகள் வேண்டியிருந்தன. பீஸ் கணக்கில் தைத்தார்கள், ஓவர்லாக் அடித்தார்கள், பிசிறு வெட்டினார்கள். தைத்தவர் யார் என்று எந்த லேபிளிலும் எழுதவில்லை. அந்தக் கைகளில் சில, தம் பாட்டிமார் போட்ட தையலை மறந்துவிட்ட கைகள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

லம்பாடிகள் ஒரு காலத்தில் இந்தியாவின் சரக்குப் போக்குவரத்தையே சுமந்தவர்கள். பொதிமாடுகளின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றி வடக்கிலிருந்து தக்காணம் வரை நடந்தவர்கள். படைகளுக்கு உணவு கொண்டுபோனவர்கள். தண்டவாளம் வந்ததும் பொதிமாட்டுக்கு வேலை போனது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் நாடோடிக் கூட்டங்களைச் சந்தேகப் பட்டியலில் தள்ளியது. நடந்துகொண்டே இருந்த மக்கள் கிடைத்த இடத்தில் தண்டா போட்டு உட்கார்ந்தார்கள்.

வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்குச் சுவர் கிடையாது. ஓவியம் எல்லாம் உடம்பின் மேல்தான். பாவாடை, முதுகு திறந்த ரவிக்கை, தலைமுக்காடு என எல்லாவற்றிலும் ஊசி புகுந்தது. சோழி, காசு, கண்ணாடி, ஒட்டுத்துணி, அவற்றைச் சுற்றி சதுரம், முக்கோணம், சாய்கோடு. காகிதத்தில் வரைந்து துணியில் மாற்றும் பழக்கமில்லை. நெசவின் இழையை எண்ணி எண்ணியே வடிவம் எழும். அதனால்தான் அந்த வடிவங்கள் இவ்வளவு கறாரான கணக்கோடு இருக்கின்றன. கணினித் திரையில் கட்டம் போட்டு வேலை செய்யும் இன்றைய கிராஃபிக் டிசைனர் இதைப் பார்த்தால் தன் உறவினரை அடையாளம் கண்டுகொள்வார்.

கண்ணாடி பதிக்கும் வேலையை அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. வட்டக் கண்ணாடிக்குத் துளை இல்லை, எனவே நேராகத் தைக்க வழியில்லை. அதைத் துணிமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு என நான்கு இழைகளை அதன்மேல் இறுக்கி இழுக்க வேண்டும். கண்ணாடியின் முகத்தில் ஒரு சிறு கட்டம் விழும். பிறகு விளிம்பைச் சுற்றிக் காஜா எடுக்கும் தையல். ஒவ்வொரு குத்திலும் ஊசி அந்தக் கட்டத்து இழையைக் கோத்து வெளிப்பக்கம் இழுக்கும். சுற்றி வந்து முடிக்கையில் கட்டம் விளிம்போரம் ஒதுங்கி, நூல் வளையம் ஒன்று கண்ணாடியைக் கவ்வியிருக்கும். பசை கிடையாது. முதல் நான்கு இழை தளர்ந்தால் கண்ணாடி நழுவும். மிதமிஞ்சி இறுகினால் துணி சுருங்கும். இந்த நிதானம் விரலுக்கு வர மாதங்கள் ஆகும்.

சிட்லிங்கியில் இது கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. பாரம்பரிய உடை கனமானது, தைக்க நாளாகும், சந்தைக்குப் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும். கடைச் சேலை மலிவாகக் கிடைத்ததும் பெண்கள் மாறிக்கொண்டார்கள். இரண்டு தலைமுறை ஊசியைத் தொடவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் 1993-இல் ஓலைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கியவர்கள் மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதாவும். அதுதான் இன்றைய பழங்குடியினர் நல அமைப்பு, 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்'. நோயாளிகளாக வந்த லம்பாடிப் பெண்களோடு பேசப் பேச, டாக்டர் லலிதாவின் கண் இந்தத் தையலின் மேல் விழுந்தது. முழுதாகத் தெரிந்தவர்கள் என்று தண்டாவில் மிஞ்சியிருந்தவர்கள் இரண்டு மூதாட்டிகள். பெட்டியடியில் கிடந்த பழைய துணிகளும் அவர்களுடைய விரல்களுமே பாடப்புத்தகம். 2006 வாக்கில் அவர்களிடமிருந்து மற்றவர்கள் கற்கத் தொடங்கினார்கள். அப்படி உருவானதுதான் 'போர்கை' கைவினைஞர்கள் சங்கம். லம்பாடி மொழியில் போர்கை என்றால் பெருமிதம். சுமார் 60 பெண்கள் இன்று அதில் இருக்கிறார்கள். சேலை, குர்தா, பை, தலையணை உறை, சுவரில் மாட்டும் துணி எனப் பலவற்றிலும் அவர்களது தையல் ஏறியிருக்கிறது. வேலைக்காக ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்த பெண்களுக்கு ஊருக்குள்ளேயே கூலி கிடைக்கிறது. இதைவிடப் பெரிய வடிவமைப்புச் சாதனை மாவட்டத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இதே லம்பாடித் தையலுக்குக் கர்நாடகத்தின் சந்தூரில் புவிசார் குறியீடு உண்டு. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி-20 கூட்டம் நடந்தபோது, 450-க்கும் மேற்பட்ட லம்பாடிப் பெண்கள் தைத்த 1,755 துணிகளைக் காட்சிக்கு வைத்துக் கின்னஸ் சாதனை படைத்தது சந்தூர் குஷல கலா கேந்திரம். நம் சிட்லிங்கி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டும்.

சரி, ஸ்ட்ரீட்வேருக்கும் இதற்கும் என்ன பாலம்? ஜப்பானின் ஓட்சுச்சி என்ற கடலோரச் சிற்றூரைப் பார்க்கலாம். 2011 சுனாமியில் மேயர் உட்பட 1,200-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த ஊர் அது. நிவாரண முகாமில் சும்மா உட்கார்ந்திருந்த பெண்களின் கையில் ஊசியும் நூலும் கொடுத்துத் தொடங்கியது 'சாஷிகோ' திட்டம். சாஷிகோ என்பது கிழிந்த துணியை ஒட்டுப்போட்டு வலுவாக்க ஏழை உழவர்கள் போட்ட ஓடு தையல். 2024-இல் அந்தப் பெண்கள் 'சாஷிகோ கேல்ஸ்' என்ற பெயரில் ஸ்னீக்கர்களின் மேல் தைக்கத் தொடங்கினார்கள். நாற்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை வயதுள்ள பெண்கள் தைத்த காலணிக்காக உலகெங்கும் ஸ்னீக்கர் பைத்தியங்கள் காத்துக்கிடக்கிறார்கள். காலணி இயந்திரத்தில் செய்தது, அதன் மேல் ஏறிய நாட்கள் அந்தப் பெண்களுடையவை. விலை அந்த நாட்களுக்குத்தான்.

இந்தியாவிலும் வழி திறந்திருக்கிறது. டெல்லியில் கார்த்திக் கும்ரா தொடங்கிய 'காரு ரிசர்ச்', கைத்தறியையும் கைத்தையலையும் ஆண்களின் தெரு உடைக்குள் கொண்டுவந்து, 2023-இல் எல்.வி.எம்.எச். பரிசின் அரையிறுதி வரை போனது. டொரன்டோவிலிருந்து வந்த இரண்டு பெண்களின் 'நார்பிளாக் நார்வொயிட்', கட்ச் பகுதியின் பாந்தனி முடிச்சுச் சாயத்தை ஃபிலாவின் விளையாட்டு உடைக்கு ஏற்றியது.

ஆனால் ஒரு கண்டிப்பு தேவை. 2025 ஜூனில் மிலான் மேடையில் பிராடா காட்டிய செருப்பு அப்பட்டமான கோலாப்பூரிச் செருப்பு. முதலில் ஊர்ப்பெயரே சொல்லப்படவில்லை. இங்கே எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அது இந்தியக் கைவினையிலிருந்து வந்தது என ஒப்புக்கொண்டார்கள். மிலான் செய்தால் மட்டும் தவறு, தருமபுரி இளைஞர் செய்தால் சரி என்று ஆகிவிடாது. தண்டாவில் எடுத்த செல்போன் படத்தைக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக் கடையில் கொடுத்து ஐந்நூறு ஜாக்கெட் அடிப்பது எளிது. அதில் அறுபது பேருக்கும் பைசா வராது. இணையத்தில் ஹராஜுகுவைத் தேடும் இளைஞர்கள், அரூர் பஸ் ஏறி அந்தப் பெண்களிடம் நேரில் கேட்க வேண்டும். என்ன கூலி, எத்தனை நாள், யார் பெயர் லேபிளில் வரும் என்று பேசி முடித்துவிட்டுத்தான் துணியை வெட்ட வேண்டும். அறுபது பேர் கையால் தைப்பது என்றைக்கும் குறைந்த எண்ணிக்கையில்தான் வரும். ஸ்ட்ரீட்வேர் கேட்பதும் அதைத்தானே.

தீர்க்க வேண்டிய வேலையும் உண்மையிலேயே இருக்கிறது. டீ-சர்ட் துணி பின்னலாடை; இழுத்தால் நீளும். இழை எண்ணிப் போடும் தையலுக்கு நீளாத நெசவுத் துணி வேண்டும். ஆகவே கைத்தறிப் பருத்தியில் தனியாகத் தைத்து, அந்தத் துண்டை டீ-சர்ட்டின் முதுகிலோ பையிலோ பொருத்த வேண்டியிருக்கும். இரண்டும் சலவையில் ஒரே அளவு சுருங்காது என்பதால் கைத்தறியை முன்கூட்டியே நனைத்துக் காயவைக்க வேண்டும். வாஷிங் மெஷினில் சுழன்றால் கண்ணாடி உடையும். எனவே கண்ணாடித் துண்டைப் பொத்தான் வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்யலாம், அல்லது கண்ணாடியை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். டெனிமுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. ஆனால் ஊசி நுழைய விரல் வலிக்கும், கூலியை அதற்கேற்ப உயர்த்திக் கணக்குப் போட வேண்டும்.

(தொடரும். அடுத்த வாரம்: திருப்பூர் அச்சுக்கூடங்கள்)