காசில்லாதவருக்கும் ஒரு நாற்காலி

ஒரு வாரம் நண்பர்களோடு ஊர் சுற்ற எவ்வளவு பணம் வேண்டும்? கொல்கத்தா ஒரு கணக்குச் சொல்கிறது.

மாலை ஐந்து மணி. கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் ஒரு மேஜை காலியாவதற்காக நாலைந்து பேர் தூணோரம் காத்து நிற்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கோ எழுந்திருக்கும் உத்தேசமே இல்லை. கோப்பைகள் காலியாகி வெகுநேரம் ஆகிவிட்டது. விசிறித் தலைப்பாகை கட்டிய சர்வர் அவர்களைப் பார்த்தும் பாராததுபோல் கடந்து போகிறார். வேறெந்த ஓட்டலுக்கும் இது நஷ்டக் கணக்கு. இங்கே இதுதான் வியாபாரம்.

நண்பர்களோடு வெளியே போனால் பர்ஸ் இளைத்துவிடுகிறது என்பது நாடு முழுவதும் கேட்கும் புலம்பல். ஆனால் பணத்தை விழுங்குவது பஸ் கட்டணமோ டீயோ அல்ல. உட்கார இடம்தான். மாலில் குளிர்ச்சி இலவசம். ஆனால் நாற்காலி வேண்டுமானால் எதையாவது வாங்கியாக வேண்டும். மல்டிப்ளெக்ஸில் டிக்கெட்டோடு செலவு முடிவதில்லை. வெளி உணவைத் தடுக்க தியேட்டர்காரர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. குடிநீரை மட்டும் அவர்கள் இலவசமாகத் தர வேண்டும். பாப்கார்ன் அந்தப் பட்டியலில் இல்லை.

இதில் செல்போனும் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் இன்று ஒருவர் பில் கொடுத்தால் நாளை இன்னொருவர் கொடுப்பார். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது நாளடைவில் மறந்துபோகும். அந்த மறதியில்தான் நட்பு பிழைத்தது. இப்போது வீடு போய்ச் சேருவதற்குள் ‘உன் பங்கு இவ்வளவு’ என்று பைசா சுத்தமாகச் செய்தி வந்துவிடுகிறது.

எந்த நண்பர் குழுவிலும் ஒருவர் இருப்பார். வேலை தேடிக்கொண்டிருப்பவர், அல்லது சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்புபவர். காசில்லை என்று அவர் சொல்லமாட்டார். தலைவலி என்பார், ஊரிலிருந்து மாமா வந்திருக்கிறார் என்பார். மூன்று முறை மாமா வந்தால் நான்காவது முறை அவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு குழுவின் உண்மையான பட்ஜெட், அந்த ஒருவரின் பையில் இருக்கும் தொகைதான்.

அந்தத் தொகையில் ஒரு வாரத்தை ஓட்ட முடியுமா? கொல்கத்தாவில் முடியும். வேலை வெட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் கூடிப் பேசுவதற்கு வங்காளிகள் வைத்திருக்கும் பெயர் ‘அட்டா’. அதற்கு ஊரே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது.

திங்களன்று காபி ஹவுஸ். ‘இன்ஃப்யூஷன்’ எனப்படும் பால் சேர்க்காத காபி ஒன்று போதும், மாலைப் பொழுது முழுவதற்கும். செவ்வாயன்று அதே தெருவின் பழைய புத்தகக் கடைகள். புரட்டிப் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. புதனன்று நந்தன் வளாகம். சத்யஜித் ராய் 1985இல் திறந்துவைத்த இந்த அரசுத் திரைப்பட மையத்தில் டிக்கெட் விலை மல்டிப்ளெக்ஸைவிட வெகு குறைவு. படம் பார்க்க விருப்பமில்லையென்றால் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, பார்த்தவர்களோடு சண்டை போடலாம்.

வியாழனன்று ஹூக்ளி நதி. பாபுகாட்டில் ஃபெர்ரி ஏறி ஹவ்ரா போய்த் திரும்பினால், ஒரு காபியின் விலைக்குள் காற்றும் சூரிய அஸ்தமனமும் கிடைக்கும். வெள்ளியன்று அதே நதியை அடியில் கடக்கலாம். 1984இல் நாட்டின் முதல் மெட்ரோவை ஓட்டிய ஊர் இது. 2024 மார்ச்சில் ஆற்றுக்கடியிலும் ரயிலை விட்டது. சுமார் 520 மீட்டர் தூரத்தை முக்கால் நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சனியன்று பிரின்ஸெப் காட் படித்துறையில் ஜால்முரி என்ற காரப்பொரி. ஞாயிறன்று மைதானத்தின் புல்வெளி; யாரோ ஆடும் கால்பந்துக்கு இலவச விமர்சனம்.

ஜனவரி இறுதியில் என்றால் புத்தகக் கண்காட்சியும் உண்டு. 1976இல் தொடங்கிய அந்தத் திருவிழாவுக்கு இன்று நுழைவுக் கட்டணம் இல்லை. துர்கா பூஜையின்போது ஊரெல்லாம் பந்தல். பார்த்துக்கொண்டே விடிய விடிய நடக்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. இருட்டிய பிறகு வீடு திரும்பும் செலவு. ஐந்து ரூபாயில் வந்த பெண், மெட்ரோ நின்றுபோன நேரத்தில் தனியாகத் திரும்பவேண்டுமென்றால் டாக்சிதான் கதி. சிக்கனமான மாலை அவருக்கு மட்டும் செலவாளி மாலையாகிவிடும். நண்பர்கள் அரை மணி முன்னதாகக் கலைவது அவருக்குக் காட்டும் சலுகை அல்ல; பில்லில் அவர் பங்கைக் குறைப்பது.

மலிவான இடங்கள் தாமாகவே நீடிப்பதுமில்லை. 1873இல் தொடங்கிய டிராம், பேசிக்கொண்டே போவதற்கென்றே செய்ததுபோல் மெதுவாக ஓடியது. ஒரு சிறு தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. பழைய ஒற்றைத் திரை தியேட்டர்கள் பல மூடப்பட்டுவிட்டன. காபி ஹவுஸுக்கும் ஒரு முறை இந்த ஆபத்து வந்தது. 1958இல் அதை மூட நிர்வாகம் முடிவெடுத்தபோது, பிரசிடென்சி கல்லூரி, கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசுக்கு அவசர மனு அனுப்பினார்கள். அதே ஆண்டில் கதவு மீண்டும் திறந்தது. படித்தவர்கள் நாற்காலிக்காகப் போராடியது பெருமைப்படத்தக்கதாக அமைந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

மும்பைக்கு மரைன் டிரைவ் சுவர், டெல்லிக்கு லோதி தோட்டம், பெங்களூருக்கு கப்பன் பூங்கா, சென்னைக்கு மெரினா. காசு கேட்காத இருக்கை எல்லா ஊரிலும் எங்கோ மிச்சமிருக்கிறது. அடுத்த முறை எங்கே போவது என்ற கேள்வி வந்தால், சம்பளம் அதிகம் வாங்குபவர் வாயை மூடிக்கொண்டு மற்றவர் சொல்லும் இடத்துக்குப் போகலாம். ஊரிலிருந்து மாமாக்கள் வருவது கணிசமாகக் குறையும்.