ஒரு திண்ணை, பல வயதுப் பிள்ளைகள்

மதுரையில் அன்னை மீனாட்சி குதிரை வாகனத்தில் எழுந்தருளும் வேளையில், அவள் திருவடி பொருந்தும் மாணிக்கம் பதித்த தங்க அங்கவடிகளைக் கண்டு கைகூப்பாத அடியவர் இலர். அவற்றைக் காணிக்கையாகச் செலுத்தியவர், 1812 முதல் 1828 வரை மதுரையின் கலெக்டராக விளங்கிய ரௌஸ் பீட்டர். இடியும் மழையுமான ஓர் இரவில், சிறுமி உருவில் வந்த அன்னை அவரை மாளிகையை விட்டு வெளியே அழைத்துச் சென்று காத்தருளினாள் என்பது மதுரை மக்கள் வழிவழியாகச் சொல்லிப் போற்றும் செய்தி. அவரைப் 'பீட்டர் பாண்டியன்' என்றே மக்கள் அழைத்தனர்.

அவர் காலத்து மற்றொரு செய்தி பலரும் அறியாதது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டில் நடைபெறும் பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்புமாறு 1822-இல் கலெக்டர்களைப் பணித்தார். 1823-இல் மதுரையிலிருந்து சென்ற கணக்கில் 844 பள்ளிகளும் 13,781 மாணவர்களும் இடம்பெற்றனர். பள்ளி ஒன்றுக்குச் சராசரியாகப் பதினாறு பிள்ளைகள். இத்தகைய அறிக்கைகளைத் தேடித் தொகுத்து, தரம்பால் என்னும் ஆய்வாளர் 1983-இல் நூலாக வெளியிட்டார்.

அக்காலத் தமிழகத்தில் இத்தகைய பள்ளிகள் பலவும் வீட்டுத் திண்ணைகளில் நடந்தவை. ஐந்து வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். வகுப்பறைச் சுவர்கள் இல்லை, ஆசிரியரோ ஒருவரே. இளையவன் பரப்பிய மணலில் விரலால் 'அ'கரம் எழுதுவான். அடுத்தவன் ஆத்திசூடி ஒப்பிப்பான். மூத்தவன் பனையோலையில் எழுத்தாணி பிடிப்பான். எண்சுவடியை மனனம் செய்வான். மாணவருள் தேர்ந்தவன் 'சட்டாம்பிள்ளை'யாக நின்று மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். மாலையில் ஒருவன் முன்னே சொல்ல, அனைவரும் ஒரே குரலில் பின்தொடர்வர். தன் பாடம் இதுவன்று என்று எண்ணாமல் கேட்டிருந்த சிறுவனுக்கு, அடுத்த ஆண்டுப் பாடம் முன்னரே செவியில் படிந்துவிடும். பல வயதினர் கூடியிருந்தமை அங்கே இடையூறாக இல்லை. அதுவே கற்பிக்கும் முறையாயிற்று.

இம்முறை கடல் கடந்தும் சென்றது. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் விடுதிப் பள்ளியை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் உடன்படவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை இளையோர்க்கு ஆசிரியனாக்கினார், முயற்சி வென்றது. தாயகம் திரும்பியபின் 1797-இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே, 'சென்னை முறை' என்னும் பெயருடன் அது இங்கிலாந்தின் பள்ளிகள் பலவற்றிலும் பரவியது.

குறைகளையும் மறைத்தல் தகாது. 13,781 பேரில் பெண் குழந்தைகள் 105 பேரே. திண்ணை எல்லாக் குலத்தார்க்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவும் இல்லை. பிரம்படியும், கயிற்றைப் பற்றித் தொங்கவிடும் கோதண்டமும் பிஞ்சு நெஞ்சங்களை நடுங்கச் செய்தன. அவை மறைந்தது நன்றே. ஆயினும், அவற்றோடு மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கமும் மறைந்ததுதான் இழப்பு.

இன்று விடுமுறை நாள்களில் பேரப்பிள்ளைகள் மூவர் ஒருசேர வந்து இறங்கினால், பாட்டனாரும் பாட்டியாரும் திகைத்துப் போகின்றனர். ஒருவனுக்கு ஐந்து வயது; ஒருத்திக்கு எட்டு; மற்றவனுக்குப் பதினொன்று. மூவருக்கும் தனித்தனியே பாடம் நடத்தத் தெம்பு ஏது? முடிவில் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கிவிடுகின்றனர்.

திண்ணை முறை இங்கே கைகொடுக்கும். முதலில் இளையவனைக் கவனித்தல் வேண்டும்; அவன் பொறுமை சிறிது. தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் அவன் எழுதிக்கொண்டிருக்கட்டும். பிறகு மூவருக்கும் ஒரே பாடல்: இளையவன் ஒப்பிக்க, நடுவில் உள்ளவள் பார்க்காமல் எழுத, மூத்தவன் பொருள் சொல்லட்டும். பெரியோர் பணி, கேட்பதும் திருத்துவதுமே. பிறர்க்குச் சொல்ல முற்படும்போதுதான் தனக்குத் தெரியாதது எது என்பது மூத்தவனுக்குத் தெரியவரும். ஆனால் அவனை ஓயாத சட்டாம்பிள்ளையாக்கி, அவன் படிப்பைக் கெடுத்துவிடலாகாது. நாளும் சிறிது நேரம் அவனுக்கென்றே ஒதுக்குதல் கடமை.

இது பழங்கதை மட்டுமன்று. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியதால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைத் தன்னார்வலர்கள் மாலை வேளையில் தத்தம் தெருவிலேயே கூட்டி வைத்துக் கற்பித்தனர். அங்கே பெண் குழந்தைகளும் சரிநிகராக அமர்ந்தனர். கற்பித்தோருள் பெண்களே மிகுதி. பழைய திண்ணை தன் குறையை நீக்கிக்கொண்டு மீண்டும் வந்தது எனலாம்.

சிவாலயத்தின் தென்புறக் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தியை வணங்குகிறோம். கல்லால மரத்தின் கீழ்க் குரு இளைஞர். எதிரே அமர்ந்த சனகாதி முனிவர்களோ முதியோர். கற்பதற்கும் கற்பிப்பதற்கும் வயது வரம்பு இல்லை என்பதை அத்திருக்கோலமே உணர்த்துகிறது. திண்ணை இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் கூடத்தில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்கும். அதில் பேரப்பிள்ளைகளைச் சேர்த்து அமர்த்துவதும் அன்னை மீனாட்சிக்கு உகந்த ஒரு காணிக்கையே.