சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள்

திருகோணமலை சீனக்குடாப் பக்கம் போகும்போது, மரங்களுக்கு நடுவே பென்னம்பெரிய இரும்புக் குதங்கள் நிற்பதைக் கண்டிருக்கிறீர்களா, நேயர்களே? அவை யாருக்காகக் கட்டப்பட்டவை தெரியுமா?

போர்க்கப்பல்களுக்காக!

நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய பிரிட்டிஷ் கடற்படை, தன் கப்பல்களுக்கான எரிபொருளை இங்கேதான் சேமித்து வைத்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு பொழிந்தன. ஒரு விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மீதே வந்து விழுந்தது. மூண்ட தீ அணையப் பல நாட்கள் ஆயின.

வெப்பத்தில் உருகிச் சிதைந்த அந்தக் குதத்தின் இரும்பு அங்கேயே கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள குதங்களில் சிலவற்றில் இன்றும் எரிபொருள் சேமிக்கப்படுகிறது.