திரும்பி வரும் டிக்கெட்

எங்கள் தோட்டத்தில் "வெளிநாடு" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள்தான் இருந்தன. ஒன்று, ஒப்பந்தத்தில் பெயர் விழுந்து இந்தியாவுக்குப் போவது. மற்றது, வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போவது. ஊர் பார்க்கவென்று ஒரு பெண் வெளிநாடு போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பதுளை மாவட்டம் பசறைப் பகுதியில் நாற்பது வருடம் கொழுந்து பறித்த என் அம்மாவும், தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நானும் 2024 ஓகஸ்ட் விடுமுறையில் ஒன்பது நாட்கள் தமிழ்நாடு போய் வந்தோம். அந்தப் பயணத்தைப் பற்றி சகோதரிகளுடன் பேச விரும்புகிறேன்.

நான் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு அது. "அந்தக் காசுக்குக் கூரைத் தகரம் மாத்தலாமே" என்று அம்மா சண்டை போட்டார். கூரை அடுத்த வருடமும் இருக்கும், அம்மாவுக்கு வயது எழுபதாகிறது என்றேன்.

கடவுச்சீட்டு

பணத்தைவிடக் கடினமாக இருந்தது பத்திரம். அம்மாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். தோட்டத்தில் பிறந்த பலருக்கும் இதே கதைதான். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். அதைத் திருத்த எட்டு மாதம் அலைந்தோம். ஓர் அலுவலகத்தில், "இந்த வயதில் இவருக்கு எதற்குப் பாஸ்போட்?" என்றுகூடக் கேட்டார்கள்.

பத்திரத்துக்கு அலைவது அம்மாவுக்குப் புதிதல்ல. 1948 ஆம் ஆண்டின் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

எங்கள் குடும்பமும் அதில் பிரிந்தது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, புகுந்த வீட்டாருடன் 1972 இல் இந்தியா போனார். பதுளை ஸ்டேஷனில் இருந்து தலைமன்னாருக்குப் போகும் அந்தப் பயணத்தில் அழாதவர் கிடையாது. "ஒப்பாரிக் கோச்சி" என்றே அதற்குப் பெயர். இலங்கைக்கு விண்ணப்பித்த தாத்தா பத்திரத்தைக் காணாமலே கண்ணை மூடினார். 2003 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் அம்மாவின் கைக்கு அது வந்தது.

கடலின் அந்தக் கரை

கட்டுநாயக்கவில் இருந்து மதுரைக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். அந்த நேரம் முழுவதும் அம்மா திரும்பி வரும் டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தார். "இது இருந்தா நம்மள அங்க நிறுத்தி வைக்க மாட்டாங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைக் கும்பிட்டு, மறுநாள் இராமேஸ்வரம் பஸ் ஏறினோம். வழியில் மண்டபம் முகாம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக்கு வரும் தொழிலாளரை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்த இடம் அது. ஒப்பந்தத்தில் திரும்பியவர்களும் அங்கேதான் இறங்கினார்கள். யுத்தம் வந்த பிறகு வடக்குக் கிழக்குச் சகோதரிகள் அகதிகளாகத் தங்கியதும் அங்கேதான். பஸ் போய் முடியும் வரை அம்மா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

தனுஷ்கோடியில் உடைந்த தேவாலயமும் ஸ்டேஷன் சுவர்களும்தான் மிச்சம். 1914 இல் இருந்து இலங்கைக் கப்பல் புறப்பட்ட துறைமுகம் அது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பயணிகளோடு ரெயில் கடலுக்குள் போயிற்று. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதனால் பெரியம்மாவின் கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. 2017 இல் திறந்த பாதையால் அரிச்சல்முனை வரை வாகனம் போகிறது. மணலில் நின்று, "அந்தப் பக்கந்தானே நம்ம நாடு?" என்று அம்மா கேட்டார். ஆம் என்றேன்.

இரண்டு சுகம்

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்குப் பல்சக்கர ரெயிலில் ஏறினோம். தண்டவாளத்தின் நடுவில் உள்ள பற்களைப் பிடித்துக்கொண்டு மலை ஏறும் ரெயில் அது. 1899 இல் குன்னூர் வரையும் 1908 இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கியது. தெமோதரை வளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கே நெஞ்சு படபடத்தது.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் பெரியம்மாவின் வீடு. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில்தான் அவர் காலமெல்லாம் உழைத்தார். அங்கே ஆட்கள் கத்தரியால் கொழுந்து வெட்டுவதைக் கண்டு, "இதுல ரெண்டு இலையும் மொட்டும் எங்க இருக்கு?" என்றார் அம்மா. பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கம்பக்கத்தார் இன்றும் பெரியம்மாவை "சிலோன்காரம்மா" என்கிறார்கள். இங்கே அம்மாவை "இந்தியாக்காரி" என்றார்கள்.

ஐம்பது வருடமாக இருவரும் கடிதத்தில் எழுதியது ஒரே சொல்: "சுகம்." பெரியம்மா வந்த புதிதில் தகரக் கொட்டகையில் குளிரில் கிடந்து ஒரு குழந்தையைப் பறிகொடுத்ததை எழுதவில்லை. அம்மாவும் ஒன்றை எழுதவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் இரவு அதைச் சொன்னார். 1983 யூலை 27 இல் பதுளை நகரம் எரிந்தபோது எங்கள் லயத்தார் தேயிலை மலைக்குள் ஒளிந்தார்கள். எனக்கு இரண்டு வயது. நான் அழுதால் எல்லோரும் அகப்படுவார்கள் என்று அம்மா என் வாயைப் பொத்தினார். கையை எடுத்தபோது என்னிடம் அசைவில்லை. "புள்ளைய நானே கொன்னுட்டேன்னு நெனச்சேன் அக்கா. மறுபடி மூச்சு வந்திச்சு. ஆனா அந்தக் கைய நான் மறக்கல."

பெரியம்மா அம்மாவைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். சின்ன வயதில் நான் அழும்போதெல்லாம் அம்மா ஏன் பதறி எழுந்து வெளியே போனார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளக்கை அணைத்த பிறகும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் மூவரும் ஊட்டிப் பூங்காவுக்குப் போனோம். 1848 இல் அமைத்த பூங்காவாம். "நம்ம ஹக்கல தோட்டத்துக்கு ஈடாகுமா?" என்று அம்மா சொல்ல, அக்காளும் தங்கச்சியும் புல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார்கள்.

புறப்படும்போது பெரியம்மா, "இங்கேயே இருந்திடேன்" என்றார். அம்மா கைப்பையைத் திறந்து டிக்கெட்டைக் காட்டினார். "திரும்பிப் போக டிக்கெட் இருக்கு. அடுத்த தடவ நீ வா." பெரியம்மா இப்போது பாஸ்போட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறாராம்.

சகோதரிகளே,

பதுங்குகுழியில் குழந்தையின் வாயைப் பொத்திய தாய்மார் உங்களிலும் இருப்பீர்கள். வீட்டுக்குள் பேச வராத பேச்சு, வேறோர் இடத்தில் தானாக வருகிறது. உங்கள் பத்திரங்களில் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பயணம் போனால் பிரதியொன்றை வேறு பையில் வையுங்கள். அம்மாவின் மருந்தைக் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். வெளிநாடு போக வசதி இல்லையா? ஒரு சோற்றுப் பொதியோடு உங்கள் ஊரின் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ போங்கள். எங்களுக்குத் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி இருக்கிறது. அடுத்த போயா தினத்தில் அம்மாவும் நானும் அங்கே போகிறோம்.